சொட்டுவின் பாதி பாட்டில் ரம்

துறைமுகத்தில் அவரைச் சொட்டு என்றால்தான் யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, அதோடு சரி. ஆள் என்னவோ நெடுநெடுவென்று கதவு நிலையில் இடிக்கிற உயரம். பெயர் வந்தது குடியால். உடனே குடிகாரர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். குடிகாரனுக்குப் போய் யாராவது சொட்டு என்று பெயர் வைப்பார்களா? கூட இருப்பவர்கள் ஒரு பாட்டிலைக் காலி செய்துவிட்டு அடுத்ததற்குச் சண்டை போடுகிற நேரத்தில், இவர் கட்டைவிரல் உயரத்துக்கு ரம்மை ஊற்றி வைத்துக்கொண்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி வந்த பெயர்.

வேலை கிரேன் ஓட்டுவது. கப்பலிலிருந்து பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியின் முதுகில் இறக்குகிற கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்குக் கீழேயும் கண்ணாடி. நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். ஏறிவிட்டால் வேலை முடிகிறவரை இறக்கம் கிடையாது. ஒன்றுக்குப் போக இறங்கி ஏறினால், அதற்குள் கப்பல்காரனும் லாரிக்காரனும் மேஸ்திரியும் ஒன்று சேர்ந்து பரம்பரையையே வம்புக்கு இழுத்துவிடுவார்கள். அதனால் கூண்டுக்காரர்கள் யாரும் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் குடிப்பதில்லை. இவர் ஒரு வாய் தண்ணீரை வாயிலேயே அடக்கி வைத்துக்கொண்டு பெட்டி மேல் பெட்டியாக இறக்குவார். நாக்கு ஈரமாக இருக்கும், வயிறு கனக்காது. வருஷக்கணக்கில் இப்படியே பழகிய வாய் அது. எதையும் மடக் மடக்கென்று குடிக்கவே அதற்குத் தெரியாது.

ரம்மை அறிமுகம் செய்தது ஒரு கப்பல் இன்ஜினியர். கரீபியன் தீவு ஒன்றிலிருந்து வந்தவர். பழுதாகி நின்ற கப்பலோடு அவரும் துறைமுகக் கேன்டீனில் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். சொட்டு தண்ணீரை வாயில் வைத்து உருட்டுவதைப் பார்த்து அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். இப்படிக் குடிக்கத் தெரிந்த வாயைத் தண்ணீரில் வீணடிக்கிறாயே என்று, கப்பலுக்கு ஓடிப்போய் ஒரு பாட்டிலோடு வந்திருக்கிறார். கரும்புப் பாகைப் புளிக்க வைத்துக் காய்ச்சி, மரப் பீப்பாயில் அடைத்து, வருஷக்கணக்கில் தூங்கவிட்ட ரம். அந்த ஊர் வெயிலில் பீப்பாயில் இருப்பதில் ஒரு பங்கை வருஷா வருஷம் காற்றே குடித்துவிடுமாம், மிஞ்சுவதுதான் மனுஷனுக்காம். ஐஸ் கூடாது, சோடா கூடாது. மற்ற ரம் எல்லாம் தொண்டைக்கு, இது நாக்குக்கு. அன்றைக்குப் பிடித்தது. அந்தக் கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் ஒரு பாட்டில் வரும். அடுத்த கப்பல் வரும்வரை இவருக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் ஓரத்து நாற்காலி. கால் வைத்த சின்னக் கிளாஸ். ஊற்றிவிட்டு மேலே ஒரு தட்டை வைத்து மூடுவார். கிளாஸுக்குள் வாசனை சேரட்டும் என்று விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே அறையில் மனைவியின் தையல் மிஷின். துணிகளைப் பிடித்துக் கொடுப்பது, இறக்கிக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது அவள் தொழில். வாயும் மிஷினும் ஒரே வேகத்தில் ஓடும்.

"என்னங்க, ஆறிப்போச்சா? சூடு பண்ணித் தரவா?"

"நீ உன் நூல் பாபினைப் பாரு, மகாராணி."

"பெத்த பொண்ணைக்கூட நீங்க இப்படி மோந்து பாத்ததில்ல."

"பொண்ணு இப்படி மணந்ததில்லையே."

தட்டை எடுப்பார். மூக்கை உள்ளே விடமாட்டார், விளிம்பில் நிறுத்துவார். கருகின சர்க்கரை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், ரொம்ப நாள் பூட்டியிருந்த மர அலமாரியைத் திறந்தால் வருகிற மணம். அடுத்துக் கறுத்துப் பழுத்த வாழைப்பழம். அதன் பிறகுதான் உதட்டை நனைப்பார். நாக்கு அந்தக் காரத்துக்குப் பழகியதும் ஒரு வாய். அதை முன்னும் பின்னும் உருட்டி, ஏதோ யோசித்து, போனால் போகிறது என்பதுபோல விழுங்குவார். விழுங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் அவரிடம் பால்காரன் வந்திருக்கிறான் என்று சொன்னாலும், வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "இரு."

சொட்டு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வாரம் அந்த இன்ஜினியர் கடைசியாக ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றிலும் உயர்ந்தது. சொட்டுவின் மகள் பிறந்த காலத்தில் பீப்பாயில் இறங்கியது. அவளுக்கே இப்போது பிள்ளை இருக்கிறது, கடல் கடந்து குடும்பம் நடத்துகிறாள். சொட்டு அந்தப் பாட்டிலைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தார். பாட்டில் பாதிக்கு வந்தபோது அவரே விழுந்தார்.

பக்கவாதம். இடது கை, இடது கால், வாயின் இடது ஓரம். மருத்துவமனையிலிருந்து வந்தபோது பேச்சு இருந்தது, குழறினாலும் மனைவிக்குப் புரிந்தது. அவர் பேச்சை அவளுக்குப் புரிந்தபடியே இங்கே சொல்லியிருக்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. எது வருகிறது என்று அவருக்கே தெரியாது. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய இடி தொண்டையில்தான் விழுந்திருந்தது.

மருத்துவமனையிலிருந்து வாரா வாரம் ஒரு பெண் வந்தாள். விழுங்கப் பழக்குவது அவள் வேலை. சொட்டு அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்.

"தொண்டைக்குள்ள ரெண்டு வழி இருக்கும்மா," என்று அவள் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தாள். "சாப்பாட்டுக்கு ஒண்ணு, மூச்சுக்கு ஒண்ணு. முழுங்கும்போது மூச்சு வழிக்கு மேல ஒரு மூடி விழணும். சாருக்கு அந்த மூடி லேட்டா விழுது. கெட்டியா இருந்தா மெதுவா இறங்கும், மூடிக்கு டைம் கிடைக்கும். தண்ணி அப்படியில்ல, ஓடிடும். நேரா நுரையீரலுக்குத்தான்."

அதற்காக ஒரு டப்பா மாவு கொடுத்தார்கள். தண்ணீரில் போட்டுக் கலக்கி வைத்தால், தண்ணீர் காலருக்குப் போடுகிற பசைபோல ஆகிவிடும். டீ, பழச்சாறு, மாத்திரைக்குத் தண்ணீர், எல்லாவற்றுக்கும் அதே கதி. கரண்டியால் ஊட்ட வேண்டும்.

"தண்ணியச் சாப்பிடச் சொல்றாங்க மகாராணி," என்றார் சொட்டு. "இனிமே சோத்தைக் குடிக்கச் சொல்லுவாங்க."

தொடக்கத்தில் ஒரு நாள், பாவமே என்று அவள் வெறும் தண்ணீர் கொடுத்துவிட்டாள். அரை டம்ளர்தான். இரண்டே நாளில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கொதித்து, மறுபடியும் மருத்துவமனைக் கட்டில், மூக்கில் குழாய். பிழைத்து வந்ததே பெரிய காரியம். அதிலிருந்து தண்ணீர்ச் செம்பை அவர் கைக்கு எட்டாத தூரத்தில்தான் வைப்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் அவர் ஒரு நாள் மதியம் அலமாரியைக் காட்டினார்.

"அதை எடு."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. பாட்டில எடு. பாதி காலியா இருக்குது பாரு. அந்தப் பாதியில காத்து உக்காந்திருக்கு. தினம் தினம் வாசனையத் தின்னுக்கிட்டே இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டா அது வெறும் கலர் தண்ணி. அதுக்குள்ள எனக்கு ஒரு வாய் வேணும்."

"உங்களுக்குப் புத்தி இருக்கா? வெறும் தண்ணிக்கே போய்ப் படுத்தீங்க."

"ஒரே ஒரு வாய்."

"முடியாது."

"எனக்கு வேற என்னடி இருக்கு?"

அவள் மிஷினில் போய் உட்கார்ந்தாள். நூல் கோக்காமலே மிதித்தாள். ஊசி துணியில் வெறும் ஓட்டையாகப் போட்டுக்கொண்டே போனது.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாள் கேட்கவில்லை, அலமாரியைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். கேட்பதைவிட அது கொடுமையாக இருந்தது. வைதால் திருப்பி வையலாம், பார்வையை என்ன செய்வது? அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எல்லாவற்றையும் கெட்டியாக்குகிற மாவு ரம்மை மட்டும் விட்டுவிடுமா என்ன? அவளாகவே முடிவு செய்தாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதையே வேறு.

கிளாஸில் கொஞ்சம் ஊற்றி ஒரு கரண்டி மாவைப் போட்டுக் கலக்கினாள். மாவு மிதந்தது, பிறகு அடியில் போய்ப் படுத்தது. ரம் ரம்மாகவே இருந்தது. தண்ணீர் என்றால் இதற்குள் இறுகியிருக்கும். இன்னொரு கரண்டி போட்டாள். அப்போதும் அசையவில்லை. அவளா விடுகிறவள்? மூன்றாவதும் போட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜிப் மாற்றக் கொடுத்த அம்மாள் வந்து நின்றாள். அவளிடம் பேசி அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், கிளாஸுக்கு அடியில் தவளை முட்டைபோலக் கட்டி கட்டியாக ஏதோ கிடக்கிறது. மேலே மட்டும் நீர்த்து நிற்கிறது. சாராயத்தில் மாவு சட்டென்று ஊறாது, மெதுவாகத்தான் பிடிக்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கட்டி கரையட்டும் என்று பாட்டிலைச் சாய்த்து இன்னும் ரம் ஊற்றினாள். அது நீர்த்துவிட்டது என்று இன்னும் மாவு. மாவு கூடிவிட்டது என்று இன்னும் ரம். கிளாஸ் போதாமல் கப்புக்கு மாற்றினாள். கடைசியில் லைனிங் துணியில் போட்டுப் பிழிந்தபோது பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று இறங்கியது. பாட்டிலில் அடி மட்டும் மிஞ்சியிருந்தது.

ஒரு கரண்டி ஊட்டினாள். அவர் கண்ணை மூடினார். வாய் மெதுவாக அசைந்தது. விழுங்கினார். இருமல் வரவில்லை. அவள் மூச்சு திரும்பி வந்தது.

"எப்படி இருக்கு?"

"போஸ்டர் ஒட்டலாம்."

அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று அவளும் சிரித்தாள். பாதியில்தான் கவனித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது. பிறகு அவர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று. வைதிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வந்தான். பஸ் ஓட்டுகிறவன், உடம்பும் குரலும் பஸ் அளவு. நடந்ததைக் கேட்டுவிட்டு மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மாப்ளே, நீ குடி," என்றார் சொட்டு.

"நானா? நல்ல சரக்கை நாய்க்கு ஊத்துன மாதிரி ஆயிடும் மாமா."

"நீ குடிச்சுட்டுச் சொல்லு. நான் கேட்டுக்கிறேன்."

அக்காள் ஊற்றிக் கொடுத்தாள். அவன் கிளாஸை வாங்கினான், கவிழ்த்தான், கீழே வைத்தான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"அடப்பாவி!" சொட்டுவின் நல்ல கை நாற்காலிப் பிடியில் அடித்தது. "முழுங்கிட்டியா?"

"குடின்னுதானே சொன்னீங்க?"

"வாயில வைடா. உருட்டு. நான் சொல்ற வரைக்கும் முழுங்காத."

இரண்டாவது முறை இன்னும் கொஞ்சமாக ஊற்றினாள். அவன் வாயில் வைத்துக்கொண்டான். கன்னம் உப்பியது, முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது. கையைக் காற்றில் ஆட்டி ஆட்டிக் கெஞ்சினான். "இரு, இரு, முன்னாடி கொண்டா, நாக்கு நுனிக்குக் கொண்டா," என்று இவர் கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிற மேஸ்திரிபோல விரலை அசைத்தார். இவர் வாயும் கூடவே அசைந்தது. கடைசியில் அவன் தாங்காமல் விழுங்கித் தொலைத்தான்.

"என்ன தெரிஞ்சுது?"

"தொண்டை எரிஞ்சுது மாமா."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி பல்லு எரிஞ்சுது."

"மாடு! இனிப்பா, கசப்பா? என்ன வாசனை?"

அவன் மண்டையைச் சொறிந்தான். பாவம், நிஜமாகவே தேடினான். "பழைய பஸ்ல டிரைவர் சீட்டு இருக்கும்ல மாமா, தோல் சீட்டு. வெயில்ல நிறுத்தி வெச்சுக் கதவைத் திறந்தா ஒண்ணு வரும். அது மாதிரி."

"அதேதான்!" சொட்டு நிமிரப் பார்த்தார். "தோல்! வாழைப்பழத்துக்கு அப்புறம் வரும் அது. அப்புறம்? அதுக்கப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல மாமா. போயிடுச்சு."

சொட்டுவின் முகத்தில் ஏறிய வெளிச்சம் அப்படியே இறங்கியது. அவன் வாயில் வந்ததும் அவன் வாயோடு போய்விட்டது. காதால் கேட்டால் நாக்கில் ஊறுமா?

தம்பி அக்காளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான். "அக்கா, பாக்கச் சகிக்கல. ஒரு வாய்தானே, குடுத்துடேன்."

"நீ குடு. உன் கையால குடு, பாப்போம்."

அவன் அவளைப் பார்த்தான், அறையில் இருந்த கிளாஸை எட்டிப் பார்த்தான், பிறகு வாசலில் போய்ச் செருப்பைத் தேடினான். அடுத்த தெருவில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன், யாராவது இடித்துவிடுவார்கள் என்றான்.

அவன் போனதும் அவள் விழுங்கப் பழக்குகிற பெண்ணுக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் "நான் சரின்னு சொல்ல முடியாதும்மா," என்றாள். "அவரு தெரிஞ்சே வேணும்னா நான் தடுக்கவும் முடியாது. குடுத்தீங்கன்னா நிமிர்ந்து உக்கார வைங்க. தாடை நெஞ்சைத் தொடற மாதிரி குனியச் சொல்லுங்க. காய்ச்சல் அடிச்சா உடனே கூட்டிட்டு வந்துடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா." மகளுக்குப் போட்டாள். மகள் அங்கிருந்து அழுதாள். "அப்பா என்ன சொல்றாரோ அதைச் செய்யும்மா" என்றாள், உடனே "வேணாம்மா" என்றாள்.

எல்லோரும் பந்தை அவள் மடியிலேயே கொண்டுவந்து போட்டார்கள்.

"என் கையில ஒண்ணு வேலை செய்யுதுல்ல?" என்றார் அவர். போனில் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. "நீ ஊட்ட வேணாம். ஊத்தி வெச்சுட்டுப் போ. நானாச்சு, அதாச்சு."

அவள் முதுகுக்குத் தலையணை கொடுத்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். கழுத்தில் துண்டு கட்டினாள். கால் வைத்த கிளாஸைத் துடைத்தாள். பாட்டிலில் மிஞ்சியிருந்ததில் ஒரு வாய்க்கு ஊற்றி, மேலே தட்டை வைத்து மூடி, அவர் வலது கைப் பக்கம் வைத்தாள். தாடையைக் குனியச் சொன்னாள். அதற்கு மேல் அங்கே நிற்க அவளால் ஆகவில்லை.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள், எதுவும் காதில் விழ வேண்டாம் என்று. பிறகு பயந்துபோய் மூடினாள், காதில் விழாமல் போய்விட்டால்? தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் ஒன்றுமில்லை. கிளாஸ் மேஜையில் உட்காருகிற சத்தம். இப்போது இருமப்போகிறார் என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருமல் வரவில்லை. இருமல் வந்திருந்தாலாவது ஓடியிருப்பாள். எதுவுமே வராததுதான் அவளை அறைக்குத் துரத்தியது.

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கிளாஸ் காலி. வாய் மூடியிருந்தது. வலது கன்னத்தில் மட்டும் ஒரு சின்ன உப்பல். அவர் விழுங்கவில்லை. அவளைப் பார்த்தார். பயந்த குழந்தையின் பார்வை அது. கேட்டு வாங்கிய மனிதருக்கு இப்போது அதை உள்ளே அனுப்பத் தைரியம் இல்லை, வெளியே விடவும் மனசு இல்லை.

"துப்பிடுங்க."

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப முழுங்கிடுங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்கும் தலையை ஆட்டினார்.

செயலற்ற இடது ஓரம் அவர் பேச்சைக் கேட்குமா? அது தானாகத் திறந்துகொண்டது. பழுப்பாக ஒரு நூல் உதட்டோரத்திலிருந்து இறங்கித் தாடையில் தொங்கியது. அவள் கீழே உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்துப் பிடித்தாள். எதற்குப் பிடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாயில் இருப்பதை நாக்கு தேடித் தேடித் தொடுவது கன்னத்தில் தெரிந்தது. ஒரு பக்கம் அவர் ருசித்துக்கொண்டிருந்தார், இன்னொரு பக்கம் அது அவள் கையில் ஒழுகிக்கொண்டிருந்தது. நிறுத்த வழி இல்லை. அறை முழுக்க அந்த மணம்.

கொஞ்சம் தப்பி உள்ளே போயிருக்க வேண்டும். இருமல் பிடித்துக்கொண்டது. முதுகைத் தட்டினாள், குனிய வைத்தாள், பெயர் சொல்லிக் கூப்பிடாத தெய்வம் இல்லை. முகம் கறுத்துச் சிவந்து, பிறகு மெல்ல மெல்ல மூச்சு சீரானது. சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது?

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆரஞ்சு இல்ல. அது போயிடுச்சு." பிறகு, "சர்க்கரை இருந்துச்சு. மரம் இருந்துச்சு."

"போதுமா?"

"போதாது."

அவள் புறங்கையை அவர் கழுத்தில் வைத்தாள். எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் அவர் கழுத்தில் வைத்தாள். மதிய வெயில் ஜன்னலைத் தாண்டி அவர் மடிவரை வந்திருந்தது.

"சுடுதா?" என்றார் அவர்.

"தெரியலங்க. என் கையே சுடுது."

"எடுக்காத. வெச்சே இரு. தெரிஞ்சதும் சொல்லு."

அவள் எடுக்கவில்லை.